இருபுறமும் பிளக் வைத்த வயர்

தம்பிக்கு,

நீ அனுப்பிய பூங்கொத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டுவிட்டேன். இனி அனுப்பாதே.

உன் மச்சான் வெண்டலுக்கு நேற்றுதான் பேச்சு வந்தது. வலது கையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வாய் திறந்ததும் கேட்டார், "டுவைட் வீட்டுல எல்லாரும் பத்திரமா?" உன்னைத்தான் கேட்டார்.

வளைகுடாப் புயல் ஓய்ந்த அன்று உன் வீட்டு வாசல் மின்கம்பத்தடியில் நின்று அவரை விரட்டியது நீ. "லைன் செத்துத்தான் கிடக்கு மச்சான். எர்த் போட்டுக்கிட்டு நிக்காதீங்க, ஊரே இருட்டுல கிடக்கு." ஊருக்குச் சொந்தமான மின்வாரியத்தின் உறுப்பினரான நீ சொன்னால் லைன்மேன் என்ன செய்வார்? தப்பி வரும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயரை மாட்டாமலே ஏறினார்.

நீ உள்ளே போனாய். ஃப்ரீசரில் மான் கறி கெடக் கூடாதே. ஜெனரேட்டரை ஓட்டி, இருபுறமும் பிளக் வைத்த வயரைச் சுவரில் செருகினாய். மெயினை அணைக்கவில்லை. உன் வீட்டுக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாகக் கம்பிக்கு ஏறி, அவர் கையில் பாய்ந்தது. அந்த மாதிரி வயரை வெட்டிப் போடச் சொல்லி புயலுக்கு முன்னால் வீடு வீடாகப் போனவர் அவர். உன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. "வாரியத்துல இருக்கிறவனுக்கு நான் போயா சொல்லணும்?" என்றார்.

திங்கட்கிழமை வாரியக் கூட்டமாம். எர்த் போடாதது லைன்மேன் குற்றம் என்று தீர்மானமாம். கரண்ட் யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம் அவர் "தெரியலை" என்றே சொல்கிறார்.

எனக்குத் தெரியும். அன்று உன் சுவரிலிருந்து அந்த வயரைப் பிடுங்கி எடுத்து வந்தது நான். அதை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

தீர்மானத்துக்கு வலது கையைத்தானே தூக்குவீர்கள்? தூக்கு. உனக்கு இருக்கிறது.

உன் அக்கா