நிறுத்தக் கூடாத சர்வர்

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நலமாக இருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஆறு மாதம் முன்பு, எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிரேம்குமாரைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, என் கையில் ஒரு கையேட்டைத் திணித்தார்கள் என்றேனே, அதைப் பார்த்துத்தான் ஜாவா மென்பொருள் ஓடும் சர்வர் கணினியை இயக்கக் கற்கிறேன். திங்களன்று, பழகுவதற்கான சர்வர் என்று நினைத்து, தட்டாஞ்சாவடித் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் சர்வரையே நிறுத்திவிட்டேன். பத்து நிமிடம்தான், பயப்படாதே.

மேலாளர் ஓடிவந்தார். என் வேலை அன்றோடு போயிருக்கும். "நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன்," என்றான் பிரேம்குமார். பிறகு என்னிடம், "இன்னா சார், ரெண்டு ஸ்கிரீனும் ஒரே மாதிரி வெச்சிருந்தா எப்படி?" என்று சிரித்தான்.

ஆறு மாதமாக அவன்மேல் இருந்த கோபத்தில்தான் இங்கே நாட்களைத் தள்ளினேன். இப்போது அதுவும் இல்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

முறுக்கு சுட்டால் இரண்டு பொட்டலமாக அனுப்பு. யாருக்கென்று கேட்காதே.

பஸ் வந்துவிட்டது.

உன்,
சக்கரபாணி