படகில் ஒரு துண்டு குறையுது

ஏங்க,

இன்னைக்கு முதல் பஸ்ல எனக்குக் கண்டக்டர் டூட்டி, கிளம்பிட்டேன். முட்டை அவிச்சு வெச்சிருக்கேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், கதவைத் திறந்து விடுங்க.

நேத்து ஜிக்சா படத்தோட கடைசித் துண்டை நான் பெருக்கித் தள்ளிட்டேன்னு சத்தம் போட்டீங்க. நானும் சளைக்காம பேசினேன். ஆனா துண்டு எங்கிட்டதான் இருக்கு. நான்தான் எடுத்தேன். மூணு நாளா டிக்கெட் பையில போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கேன்.

வேலை போனதிலிருந்து சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க. ஏரியில படகு போற இந்தப் படத்தைச் சேர்க்க ஆரம்பிச்ச பிறகுதான் உங்க வாயில பாட்டு வந்துச்சு. அடுப்படியில நின்னு கேட்டா, நானும் அந்தப் படகுல ஏறி எங்கேயோ மெதுவா போற மாதிரி இருக்கும். இன்னும் ஒரு துண்டுதான் பாக்கின்னு நீங்க சொன்னதும் பக்குன்னு ஆயிடுச்சு. படம் முடிஞ்சா பாட்டும் நின்னுடுமே.

துண்டு சர்க்கரை டப்பா மேல இருக்கு. நீங்களே வெச்சு முடிச்சுடுங்க. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பி.கு: சும்மா சொன்னேன், காத்திருங்க. வரும்போது வேற படம் வாங்கிட்டு வரேன். ஆயிரம் துண்டு, பூரா வெறும் வானம்.