சுற்றாத குமிழ்

4.7.2005, திங்கள்

காற்று. விடிந்ததிலிருந்து கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. கல் ஏற்றி வைக்க ஆள் இல்லை. நானே ஏறி வைத்தேன். முட்டி வலி.

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து குமார் வந்தான். என் வீட்டுக்காரரின் அண்ணன் மகன். வந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது, யாரோ சொல்லி அனுப்பிய செய்தி.

"சின்னம்மா, செல்வி வர்றா. ஞாயித்துக்கெழம. இந்தியாவுல இருந்து."

"எந்தச் செல்வி?" என்றேன். தெரியாமல் இல்லை.

"எங்க அக்காதான். வேற எந்தச் செல்வி? சின்னம்மாவப் பாக்கணும்னு கடுதாசில எழுதியிருக்கா. அம்மாவும் வரச் சொல்லிச்சு. சாப்பாடு அங்கதான். ஆனா..."

"ஆனா?"

"அந்தக் கேமராப் பொட்டிய மட்டும் தூக்கிட்டு வர வேணாமாம்."

தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடவில்லை.

அவன் அம்மா பாக்கியம். என் ஓரகத்தி. இனி பா. என்று மட்டும் எழுதுவேன், முழுப் பேர் எழுதக் கை வரவில்லை. இருபத்து நாலு வருசத்தில் அந்த வீட்டுப் படி மிதித்தது இரண்டு தரம். இரண்டும் சாவு.

1981. செல்வி கல்யாணம். போட்டோ நான்தான் எடுத்தேன். ரோல் கழுவி வந்தபோது ஒரு படம் இல்லை. வெறும் கண்ணாடி மாதிரி பிலிம். அடுத்த வருசம் செல்வி, புருசன் வீட்டாரோடு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். மகளை மாலையோடு பார்க்க பா.வுக்கு ஒரு துண்டுப் படம் கிடையாது.

எல்லோரும் தண்ணி பிடிக்கிற பீலியடியில், பதினோரு பேர் முன்னால் (யார் யார் என்று இப்போதும் சொல்வேன்) பா. சொன்னது: "வயித்தெரிச்சல்ல வேணும்னே பண்ணிட்டா. அவளுக்குப் பொட்டப்புள்ள இல்லயில்ல." ஊதா நூல்சேலை கட்டியிருந்தாள். கையில் அலுமினிய வாளி. வாளியில் இடப்பக்கம் நெளிசல்.

5.7, செவ்வாய்

பதுளை. ஏழேகால் பஸ். வாங்கப் போனது: பிரஷர் மருந்து, சீயக்காய், விளக்குத் திரி. வாங்கியது: மருந்து மட்டும்.

நேரே கேமராக் கடை. ரவி (மகன், கொழும்பில்) ஆறு மாசமாகப் போனில் அதே பாட்டு. "டிஜிட்டல் வாங்குங்கம்மா. பேத்தி கேலி பண்ணுது." அதற்காகப் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதே என்றாளே, அதற்காகப் போனேன்.

கடை முதலாளியின் வாப்பா காலத்திலிருந்து எனக்கு ரோல் அங்கேதான். மகன் நல்ல மாதிரி.

"ரோல் கழுவுறது இனி இங்க இல்லம்மா. கண்டிக்கு அனுப்பணும், ரெண்டு கெழம ஆவும். இதப் பாருங்க, ரோலே இல்ல. உள்ள கார்ட் ஈக்கி, அதுலதான் படம் நிக்கும்."

என்னை எடுத்தார். திருப்பிக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நான். "புடிக்கலயா? இந்தா, அழிச்சாச்சு." போய்விட்டேன். என் கண் முன்னாலேயே நான் இல்லாமல் போனேன்.

பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பாராம். ஒரு கழிவு ரோலைப் போட்டுச் சோதித்தார். பிலிம் ஓட்டுகிற லீவரைத் தள்ளினார், இடப்பக்கக் குமிழைப் பார்த்தார். "நல்லாச் சுத்துது. புதுசு மாதிரி வச்சீக்கிறீங்க." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். எழுதுவேனா தெரியாது.

அந்தக் கேமராவை எனக்கு விற்றது தோட்டத்து மருந்துக்கார ஐயா. யாழ்ப்பாணத்து ஆள். 1974. சீட்டெடுத்து வாங்கினேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாற்றலாகிப் போகும்போது ஐயா சொல்லிக் கொடுத்தது ஒன்றேதான்: "ஒவ்வொருக்காவும் இந்தக் குமிழைப் பார், பிள்ளை. சுத்தினால் பிலிம் போகுது. சுத்தாட்டி நீ சும்மா நிண்டு அமத்துறாய்."

முதலாளி: "திங்கக்கெழம வரைக்கும் கொண்டு போய்ப் பாருங்க. பழசு இங்க ஈக்கட்டும். சரிவரலேண்டா மாத்திக்கங்க."

பஸ்ஸில் மடி கனமே இல்லை. தெமோதரை வரை மூன்று தரம் தொட்டுப் பார்த்தேன், இருக்கிறதா என்று.

7.7, வியாழன்

பழகல். எடுத்தது: கோழி, குழாய், பக்கத்துக் காம்பரா வீட்டு மீனாட்சி. பல்லில்லாமல் சிரித்துவிட்டு "ஐயோ, அழிங்க, அழிங்க" என்று துரத்தினாள்.

நல்லது: உடனே தெரியும். ரோல் செலவில்லை. கண்டிக்கு அனுப்ப வேண்டாம்.

கெட்டது: எழுத்தெல்லாம் இங்கிலீசு. கரண்ட் இல்லாவிட்டால் செத்தது. கட்டைவிரல் லீவரைத் தேடுகிறது.

இன்னொரு கெட்டது: உடனே தெரியும்.

சரி. எழுதிவிடுகிறேன். இது பேத்தி பாதி எழுதிப் போட்டுவிட்டுப் போன பள்ளிக்கூடக் கொப்பி. யாரும் புரட்ட மாட்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் பந்தலில் வைத்து பா. சொன்னாள்: "டவுன் போட்டோக்காரனக் கூட்டிட்டு வந்திருக்கலாம். பொம்பள எடுத்து என்ன வெளங்கப் போகுது." அந்தச் சூட்டில் ரோல் போட்டேன். பல்லில் சரியாக மாட்டவில்லை. ஆறாவது படம், தாலி கட்டுகிற நேரம், லீவர் லேசாகப் போனது. குமிழைப் பார்த்தேன். சுற்றவில்லை. முதல் படத்திலிருந்தே சுற்றியிருக்காது, அதுவரை நான் பார்க்கவில்லை.

பார்த்தேன். தெரியும்.

தாலி போனது போகட்டும். உள்ளே போய் வெளிச்சம் படாமல் போர்வைக்குள் கையை விட்டு ரோலைச் சரிபண்ண ஐந்து நிமிசம். மீதியெல்லாம் விழுந்திருக்கும். போகவில்லை. பா. பார்த்துக்கொண்டிருந்தாள். அமுக்கினேன். "கொஞ்சம் சிரிங்க" என்றேன். மறுபடி அமுக்கினேன். ரோல் முடிகிற கணக்கு வரைக்கும், முப்பது தரம்.

பிறகு ஸ்டூடியோக்காரன் கெடுத்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னேன். அவன் செத்தும் போனான்.

பா. சொன்னது பொய். நான் வேணுமென்று கெடுக்கவில்லை. அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருசம் கோபமாக இருந்தேன். கோபம் கொஞ்சம் குறைந்தால் குமிழ் ஞாபகம் வந்துவிடும்.

9.7, சனி

காற்று நிற்கவில்லை. பத்திலிருந்து மூன்று வரை கரண்ட் இல்லை. பேட்டரி பாதி.

போவதா, வேண்டாமா? கேமரா இல்லாமல் போவதா? வேண்டாம் என்றது பழைய பெட்டியைத்தானே, இது பெட்டியே இல்லை.

பழையதென்றால் இரண்டு கிழமைக்கு யாரும் எதுவும் கேட்க முடியாது. இதில் அந்த இடத்திலேயே காட்டு என்பார்கள். கடைக்காரருக்கு அதுதான் பெருமை. எனக்கு அதுதான் பயம்.

சேலையை மூன்று தரம் மாற்றி மடித்தேன். கோழிக்குத் தீனி போட்டேனா ஞாபகம் இல்லை. எனக்கா ஞாபகம் இல்லை!

10.7, ஞாயிறு

போனேன். இதையும் கொண்டுதான்.

செல்வி பருத்துவிட்டாள். முன்நரை. கூட மகள், பத்தொன்பது வயசு, அன்றைய செல்வியேதான். புருசன் வரவில்லை. செல்வி என் கையைப் பிடித்தவள் விடவில்லை. கோத்தகிரிப் பக்கம் தோட்டத்தில்தான் வேலையாம். "கடல் தாண்டியும் அதே கொழுந்துதான் சின்னம்மா."

பா. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது.

"வந்துட்டியா சரசு. கையில என்னடி அது, சோப்புப் பொட்டியா?"

"கேமராக்கா."

"இதுல பிலிம் நிக்குமா?"

"இதுக்குப் பிலிமே இல்ல."

"அப்ப ஒனக்குத் தோதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பா., செல்வி, அவள் மகள் மூன்று பேரையும் நிற்க வைத்து எடுத்தேன்.

"காட்டு."

காட்டினேன். மூக்குவரை கொண்டு போய் நல்ல கண்ணால் பார்த்தாள். வெகுநேரம். "மக நிக்கிறா" என்றாள். அவ்வளவுதான்.

அப்போது செல்வி மகள் என்னிடம் கேட்டது: "அம்மா கல்யாணத்துல எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்லயாமே, நெசமாவா பாட்டி?"

பா. என்னையே பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். குமிழ் சுற்றாதது, தெரிந்தே அமுக்கியது, ஸ்டூடியோக்காரன் பேரில் பழி போட்டது எல்லாம். கை கேமராவைத் திருகிக்கொண்டே இருந்தது.

"எத்தன தரம்?" பா. கேட்டாள்.

"முப்பது."

"முப்பது தரமும் என்னயச் சிரிக்க வச்சியேடி."

எழுந்து உள்ளே போனாள். செல்வி என் கையை விட்டுவிட்டாள். குமார்தான் சோறு போட்டான். கோழிக்கறி. பாதியிலேயே கை கழுவினேன்.

கிளம்பும்போது உள்ளேயிருந்து சத்தம்: "நாளைக்கு வரச் சொல்லு அவள. அந்தச் சோப்புப் பொட்டியோட. முப்பதும் எடுக்கணும். நான் எண்ணுவேன்."

11.7, திங்கள்

காலையில் பதுளை. புதியதையே எடுத்துக்கொண்டேன். பழையதற்குள் கழிவு ரோல் அப்படியே இருந்தது. ஒரு தரம் லீவரைத் தள்ளிப் பார்த்தேன். குமிழ் சுற்றியது. இப்போது சுற்றி என்ன. கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துவிட்டேன்.

"வேற ஏதாச்சும் வேணுமாம்மா?"

"இன்னொரு பேட்டரி."

மதியம் மேல் டிவிசன். செல்விக்குச் சிவப்புச் சேலை. குமார் டவுனிலிருந்து மாலை கொண்டு வந்திருந்தான். மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் பா. போய் நின்றாள். தாலியறுத்தவள் அங்கே நிற்பதா என்று யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொன்றுக்கும் "காட்டு".

"இதுல அவ கண்ணு மூடியிருக்கு. அழி."

"இதுல மால கோணல். அழி."

"இதுல இந்தக் குமார் எதுக்கு நடுவுல? அழி."

குமார்: "ஏம்மா, நானும் ஒனக்குப் பொறந்தவன்தானே!"

அழித்தது கணக்கில் சேராதாம். "முப்பதுன்னா முப்பதும் இருக்கணும்." அவள் என்னை விட வைராக்கியக்காரி. இதையும் குறித்து வைக்கிறேன்.

வெளிச்சம் போகும்வரை எடுத்ததில் நின்றது நாலு. செல்வி இன்னும் பன்னிரண்டு நாள் இருப்பாள்.

நாலில் ஒன்றில்கூட பா. சிரிக்கவில்லை. சிரிங்கக்கா என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பேட்டரி இரண்டும் கரண்டில் போட்டாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு.