அட்டையின் பின்பக்கம்

மச்சான்,

உன் அட்டைப் பெட்டி என் மேசையில் திறந்தபடி கிடக்கிறது. இந்தக் கொழும்பு அறை முழுவதும் புகையிலை மணக்கிறது. பூச்சி அண்டாது என்று பெட்டியை நீ புகையிலைக் குடிலுக்குள்தான் வைத்திருந்தாய். கணனிக்குப் போடும் துளையட்டைகளைப் புகையிலைக்குள் வைத்துக் காத்தவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

நீ போய் ஒரு வருடம். போன மாதம் உன் ஆட்டத்திவசத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். உன் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு திருப்பி எடுத்தார்.

"பால் திரைஞ்சு போச்சுது அண்ணை. வெறுந் தேத்தண்ணி ஊத்தட்டே? எங்கடை கிணத்துத் தண்ணி இப்ப இப்பிடித்தான்."

கீரிமலைக் கடற்கரைக்குப் போகிற வழியில் அப்படியொரு நல்ல தண்ணிக் கிணறு வேறு இல்லை. சீதன வீட்டைப் பார்க்கப் போன நீ அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் கலியாணத்துக்குத் தலையாட்டினாய் என்று கந்தோரில் உன்னைப் பகிடி பண்ணியிருக்கிறோம். அன்று வெறுந்தேநீரை முழுவதும் குடித்தேன். கரித்தது. புறப்படும்போது அவர் இந்தப் பெட்டியைத் தந்தார். "உதுகளை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. எரிக்க மனம் வரேல்லை" என்றார்.

கொழும்புக் கந்தோரில் நாம் இருவரும் பழகிய அந்தப் பழைய கணனி உனக்கு நினைவிருக்கும். அதற்காக நீ எழுதிய நிரல்தான் உன் வாழ்க்கையின் வேலை. ஒரு கிணற்றின் நீர்மட்டத்தையும் அதில் இறைக்கும் அளவையும் கொடுத்தால், எத்தனை கோடையில் அது உப்பேறிச் சவராகும் என்று சொல்லிவிடும். பிறகு ஊருக்கு மாற்றம் வாங்கிப் போனாய். வலிகாமம் முழுவதும் சைக்கிளில் திரிந்து கிணறு கிணறாக அளந்தாய். அளவுநாடாவை இறக்குமுன் ஒரு வாய் தண்ணீர் குடித்து, கோழியைப் போல முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்பாய். கையால் அமுக்கும் சின்னத் துளைக்கருவியால் கிணற்றுக்கு ஓர் அட்டை துளைத்து, அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் உன் நாக்கின் தீர்ப்பை எழுதுவாய். மிசின் பின்பக்கத்தை வாசிக்காது என்று சிரித்தேன். "மிசினுக்கு ஆர் எழுதினது? இது எனக்கு" என்றாய்.

உன் அட்டைகள் கொழும்புக்கு வந்து, அவற்றில் சிலவற்றை மட்டும் ஓட்டிப் பார்த்த நிலையில் பழைய கணனியைக் கழற்றிவிட்டார்கள். புதியதில் உன் நிரல் ஓடாது. அதை முதலிலிருந்து எழுத எனக்கு ஆறு மாதம் வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

"புதுசு பழையதைப் போலவும் நடக்குமாம் காணும். அந்த முறையிலை போட்டு ஓட்டும்" என்றார்.

நீ லீவில் வந்தபோது இதைச் சொன்னேன். "ஓடுறது வேறை மச்சான், ஒத்துப்போறது வேறை. பழைய விடையளோடை வைச்சுப் பார்" என்றாய்.

பார்த்தேன். பெட்டியின் மேலே இருந்த ஒரு பிடி அட்டையை எடுத்து ஓட்டி, பழைய கணனி முன்பு தந்த விடைகளோடு ஒப்பிட்டேன். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேலே இருந்தவை எல்லாம் கடலுக்குத் தூரமான உட்பக்கக் கிணறுகள் என்பதை நான் யோசிக்கவில்லை. கரையோரக் கிணறுகள் பெட்டியின் அடியில் கிடந்தன.

கரையோரத்தில் கோடையில் சில கிணறுகளின் நீர் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதைக் காட்ட, கழித்தல் குறியாக, எண்ணின் கடைசி இலக்கத்துக்கு மேலே நீ இன்னொரு துளை போடுவாய். புதிய கணனியில் அட்டைகளை முதலில் நாடாவுக்கு ஏற்ற வேண்டும். எண்கள்தானே என்று அவற்றை வெறும் எண்களாக ஏற்றிவிட்டு, பெட்டியை உனக்கே திருப்பி அனுப்பினேன். மேல்துளை எல்லாம் விடுபட்டுப்போயிற்று. கடலுக்கு இரண்டடி கீழே நின்ற தண்ணீர் இரண்டடி மேலே நின்றது. கணனி ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. இன்னும் இறைக்கலாம் என்று அறிக்கை போயிற்று. மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலம். தோட்டத்துக்குத் தோட்டம் இறைப்பு மிசின் வந்தது.

நீ கடிதம் எழுதினாய். 'கரையோரக் கிணறுகளில் என் நாக்குக்குச் சவர் தெரிகிறது. ஒருக்கால் திரும்பப் பார்.' நான் திரும்பப் பார்க்கவில்லை. 'நாக்கை நம்பி அறிக்கை எழுத ஏலாது மச்சான், விடைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்' என்று பதில் போட்டேன். எழுதியபோது எனக்கு அது கெட்டித்தனமாகத்தான் பட்டது.

'நீ பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு வயது போகிறது, நாக்கும் போகிறதாக்கும்' என்று எழுதினாய். அடுத்த மாதம் உன் கிணற்றிலும் இறைப்பு மிசின் பூட்டினாய்.

மூன்றாவது கோடையில் மிளகாய்க் கன்றுகள் இலையோரம் கருகியதை நீ எனக்கு எழுதவில்லை. வீட்டுப் பெண்கள் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்ததையும் எழுதவில்லை. அதெல்லாம் உன் மனைவி சொல்லித்தான் தெரியும். உன் நெஞ்சுநோவையும் அப்படித்தான் அறிந்தேன்.

பெட்டியைக் கொண்டுவந்த பிறகுதான் அடியிலிருந்த அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேல்துளைகள் அப்படியே இருந்தன. சரியான முறையில் நாடாவுக்கு ஏற்றி மறுபடி ஓட்டினேன். ஒரு காலைப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. உன் கிணற்றுக்கு வந்த விடை: மூன்று கோடை.

மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "முடிஞ்ச கதையை ஏன் காணும் கிளறுறீர்?" என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. கிணற்றில் ஏறிய சவரை எந்தத் தாளும் இறக்காது. உன் மனைவிக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். கடைசியில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், கோழைப்பயல் நான்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன். ஓர் அட்டை மட்டும் என் சட்டைப்பையில் இருக்கிறது, உன் வீட்டுக் கிணற்றினுடையது. அதன் பின்பக்கத்தில் 'சவர்' என்று நீ எழுதி, பிறகு அதன்மேல் ஒரு கோடு கீறியிருக்கிறாய். என் பதில் கிடைத்த நாளின் திகதியைப் போட்டு, அதன் கீழே உன் கையாலேயே எழுதியிருக்கிறாய்: 'நல்ல தண்ணி.'