புருவத்தைக் கேட்ட காது

என் அக்கா பெற்ற அறிவுக்கொழுந்தும், ஒலி, ஓசை, சத்தம், முணுமுணுப்பு ஆகிய நால்வகைச் சேனைகளுக்கும் தலைவியுமாகிய மருமகளுக்கு, ஏலக்கூடத்துச் சிங்கம், உன் மாமா எழுதிக்கொள்வது.

நானும் உன் அத்தையும் சௌக்கியம். உன் உடம்பும், உன் ஆராய்ச்சியும், நீ சமைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கருகிய பதார்த்தங்களும் சௌக்கியமா என்று எழுது.

இனி எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். நான் கூவிய கூவலில் கூடத்துச் சரவிளக்கு கழன்றது, அது தரையைத் தொடுவதற்குள் அதையும் ஏலம் விட்டு முடித்தேன் என்று சொன்னபோதுகூட நம்பினவள் நீ. அல்லது, பெரிய மனதோடு நம்புவதுபோல் நடித்தவள். இந்தக் கதை அந்த ஜாதி இல்லை. ஈரேழு பதினாலு லோகத்திலும் இதை நம்ப ஒரு ஆள் கிடைக்கமாட்டான். ஏனென்றால் இதில் உன் மாமா உண்மை பேசப்போகிறான்.

முதலில் போன் விஷயம். நீ கூப்பிடும்போதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருப்பதாக உன் அத்தை சொல்கிறாள். அவள் சொன்ன குளியலையெல்லாம் நான் குளித்திருந்தால் ஊர் ஏரி வற்றி, என் தோல் உரிந்து, உள்ளே இன்னொரு மாமா தெரிந்திருப்பான். நான் குளிக்கவில்லை. அவள் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நீ சொன்னதை அவள் திருப்பிச் சொல்லும்போது அவள் உதட்டைப் பார்த்து, நீ என்ன சொல்லியிருப்பாய் என்று ஊகித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியை அத்தை போனோடு என் கையில் கொடுத்தாள். படித்தேன். தொழிலுக்காகக் காதைத் தீட்டி வைத்திருப்பவர்களுக்கு வயதானாலும் செவி மங்காது என்பது உன் கட்சி. அதற்கு முதல் சாட்சி நான். ‘ஏலக்காரரின் காது’ என்று தனியாக ஒரு பகுதியே எழுதியிருக்கிறாயாம். அடுத்த மாதம் பெரிய பெரிய தலைகள் உட்கார்ந்திருக்கும் சபையில் அதை வாசிக்கப்போகிறாயாம். இந்த வயதில் இப்படி ஒரு காது இருக்கவே முடியாது என்று உன் பேராசிரியர் அடித்துச் சொன்னாராம். நீ விடவில்லையாம். “எங்க மாமா வாயைத் திறந்தா கதைதான் சார். ஆனா அவர் அழுத்தின பட்டன் பொய் சொல்லாது” என்று அவரிடம் வாதாடினாயாம்.

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “அவ கண்டுபிடிச்சிருக்கறது உங்க காதை இல்ல. உங்க திருட்டு முழியை.”

நீ என் காதைச் சோதித்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தபோது என்னை ஒரு அறைக்குள் விட்டாய். கதவு ஒரு யானையின் கனம். சுவரெல்லாம் கூர்கூராகப் பஞ்சு. தரையைக்கூட வில்லின் மேல் மிதக்க விட்டிருப்பதாகவும், வெளியே லாரி போனாலும் உள்ளே அதிராது என்றும் பெருமையாகச் சொன்னாய். அந்த அமைதியில் உட்கார்ந்தால் தன் இதயத்தின் துடிப்பே காதில் கேட்கும் என்றாய். எல்லோருக்கும் கேட்கிறது என்றால் எனக்கு மட்டும் கேட்காமல் இருக்கலாமா? ரத்தம் வெள்ளம்போல் ஓடுகிறது, சிறுநீரகங்கள் இரண்டும் பாகப்பிரிவினைக்குச் சண்டை போடுகின்றன, கல்லீரல் நடுவில் நின்று சமாதானம் பேசுகிறது என்று அளந்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை அம்மா. அந்த அறைக்கு உள்ளேயும் வெளியேயும் எனக்குப் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

பிறகு நாற்காலி. சோதனைக்கு வருகிறவர் ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும், கண்ணாடிக்கு அப்பால் இயந்திரத்தருகே இருக்கும் உன்னைப் பார்க்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். “மாமா, அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க” என்றாய். “அக்கா பொண்ணு முகத்தைப் பாக்காம சுவத்தைப் பாத்து உக்கார நான் என்ன தண்டனைக் கைதியா?” என்று நான் முறுக்கிக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் நீ விட்டிருக்கமாட்டாய். மாமா ஆயிற்றே என்று நாற்காலியை நீயே திருப்பிப் போட்டாய். உன் அத்தனை வருட ஆராய்ச்சியில் நீ செய்த ஒரே தவறு அதுதான். அதையும் செய்ய வைத்தவன் நான்.

காதில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டதும் அழுத்த வேண்டும். நான் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவும் நானும் சின்ன வயதில் சீட்டாடுவோம். நல்ல சீட்டு வந்தால் அவள் முகத்தைக் கல்லாக்கிக்கொள்வாள். கண் அசையாது, உதடு அசையாது. இடது புருவம் மட்டும் அவள் சொல்பேச்சு கேட்காமல் ஒரு மயிரிழை மேலே போகும். அந்தப் புருவத்தை அவள் உனக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறாள். நீ ஒவ்வொரு முறை ஒலியை அனுப்பும்போதும், மாமாவுக்குக் கேட்குமா கேட்காதா என்ற கவலையில் அது மேலே போயிற்று. நான் அழுத்தினேன். மெல்லிய ஒலி அனுப்பும்போது கவலை அதிகமாகி இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று. அப்போதும் அழுத்தினேன். ஏலக்கூடத்தில் என் பிழைப்பே அதுதானே. மூக்கைச் சொறிகிறவன், தலையை ஆட்டுகிறவன், கண்ணைச் சிமிட்டுகிறவன், எவன் எவ்வளவு ஆசைப்படுகிறான் என்பதை முகத்தைப் பார்த்தே படித்துவிடுவேன். காது அங்கே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் அலங்காரம்.

முடிந்ததும் நீ ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். “நடுநடுவுல சத்தமே அனுப்பாம சும்மா விட்டுப் பாத்தேன் மாமா. ஒரு தடவைகூட நீங்க ஏமாறல.” எப்படி ஏமாறுவேன்? சத்தம் இல்லாதபோது உனக்குக் கவலையும் இல்லை. புருவம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைவிட, எனக்கு வெட்கம். ஊரையே கூவி அழைக்கிறவனுக்கு, பெண்டாட்டி அழைப்பது கேட்கவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? வீட்டில் அவள் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை, ஏங்க என்றும் கூப்பிடுவதில்லை. காலால் தரையைத் தட்டுகிறாள். பலகைத் தரை வழியாக அந்த அதிர்வு என் பாதத்துக்கு வரும், நான் திரும்புவேன். வருகிறவர்கள் அதைப் பார்த்து அவளுக்கு முன்கோபம் என்று நினைக்கிறார்கள். அந்தக் கெட்ட பெயரை அவள் எனக்காகச் சுமக்கிறாள். நான் வாய் ஓயாமல் கதை அளப்பதும் ஏன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நான் பேசிக்கொண்டே இருக்கும்வரை யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது.

உன் செய்தி வந்த மறுநாள் ஒரு பழைய தையல் மிஷின் ஏலத்துக்கு வந்தது. முன்வரிசையில் பழைய சாமான் கடைக்காரர் கையைத் தூக்கினார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவி, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, மூன்றாம் தரம் சுத்தியலைத் தட்டிவிட்டேன். கூட்டம் முழுக்க என்னையே முறைத்தது. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஒரு பெண் நின்றிருந்தாள். முதலிலிருந்தே கூடுதலாகக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாளாம். தூண் மறைத்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முன்னால் வந்து ஏதோ சொன்னாள். நான் வழக்கம்போல் ஒரு ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் உதட்டில் ஒரு வார்த்தையை மட்டும் படிக்க முடிந்தது: “எங்கம்மாவோடது.” கடைக்காரர் கையில் காலில் விழுந்து மிஷினை மீட்டு அவள் வீட்டில் கொண்டு போய் இறக்கினேன். அவள் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே கேளாததுபோல் இருந்தேன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

அன்றோடு சுத்தியலை உறையில் போட்டுவிட்டேன். உன் கட்டுரையிலிருந்தும் என் காதைத் தூக்கி வெளியே போடு. உன் பேராசிரியர் சொன்னதுதான் சரி என்று நீயே அவரிடம் சொல். அது எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். என் மாமா ஏமாற்றிவிட்டார் என்றே சொல், ஒளிக்காதே. நாளைக்கு யாராவது கண்டுபிடித்து, உன் மற்ற உழைப்பையும் சேர்த்துக் குப்பையில் போட்டால், அதைப் பார்க்க எனக்குக் கண் வேறு நன்றாகத் தெரிகிறது.

உன் அம்மாவிடம் நானே சொல்கிறேன். முதலில் சிரிப்பாள், பிறகு ஒரு மாதம் பேசமாட்டாள். பேசினாலும் எனக்கு அது ஒன்றுதான்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு உன் கூடத்தில் நான் செய்ததும் சொன்னதும் அத்தனையும் பொய். ஒரு சின்ன இடம் தவிர. கிளம்பும் நேரத்தில் விளையாட்டாக இசைக்கவையை, ட்யூனிங் ஃபோர்க் என்பாயே அந்த இரட்டைப்பல் கவையை, தட்டி, என் பின்னால் வந்து, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வைத்தாய். நீ பின்னால் நின்றதால் எனக்குப் புருவம் தெரியவில்லை. ஆனாலும் கேட்டது. தோலில் குறுகுறுத்தது என்று சொல்லவில்லை, கேட்டது. தலைக்குள் யாரோ விளக்கேற்றியதுபோல் ஒரு சுத்தமான ஒற்றை ஸ்வரம். பிறகு கவையைக் காதுக்கு வெளியே நீட்டினாய், ஒன்றுமில்லை. நான் முதலாவதற்கு “பெரிசா ஒண்ணும் இல்ல” என்றேன், இரண்டாவதற்கு “இடி மாதிரி கேக்குது” என்றேன். கண்ணில் நீர் வந்ததற்குத் தூசி என்றேன். அந்தப் பஞ்சு அறையைத் தினம் துடைக்கிற உன்னிடம் தூசி என்றேன்.

நீ எல்லோருக்கும் கொடுக்கும் விளக்கத்தாளை மடிப்பு கிழியும்வரை படித்துவிட்டேன். எலும்பு வழியே கேட்டு, காற்று வழியே கேட்காதவருக்கு உள்காது உயிரோடுதான் இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது, பலருக்கு அதைச் சரி செய்யலாம் என்று போட்டிருக்கிறாய். அது நிஜமா, நோயாளி மனம் நோகக் கூடாது என்று நீயும் மாமாவைப்போல் அளந்துவிட்டாயா?

நீ நூறாண்டு வாழ வேண்டும். உன் வார்த்தை எந்தச் சபையிலும் தாழக் கூடாது. கோபம் தணிந்ததும் ஒரு நாள் சொல்லி அனுப்பு, வருகிறேன். இந்த முறை நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போடு.

இப்படிக்கு,
தரையைத் தட்டினால் திரும்பும்
உன் மாமா