ஜின் நின்ற மணல்

கிளிநொச்சி
02.07.2024

அன்புள்ள சுகந்தினிக்கு,

நீரும் சாரங்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனது தொலைபேசி இலக்கத்தை நீர் தடுத்து வைத்து ஒன்றரை வருடமாகிறது. ஆகையால் தபாலில் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரை வாசியும்.

கலியாண வீடுகளில் வீடியோ எடுத்துத் திரிந்தவன் கடைசியில் ஒரு படம் எடுக்கிறேன். பெயர் ‘உப்பு நகரத்து ஜின்’. அரபுக் கதைகளில் வருகிற மாதிரி ஜின் என்கிற பூதம், செப்புக் குடம், மணலுக்கு நடுவே மறைந்துபோன நகரம் எல்லாம் உண்டு. உப்புச் சிலையாகிவிட்ட தம்பியை மீட்க, சபியா என்ற சிறுமி பாலைவனத்தைக் கடக்கிறாள். குடத்திலிருந்து அவள் விடுவித்த ஜின் கூடவே போகிறது. ஜின்னாக என் உதவியாளன் அஜந்தன் நடிக்கிறான். சபியாவாக நடிக்கப்போவது எங்கள் மகள் சாரங்காதான். வேறு எந்தப் பிள்ளையையும் என்னால் நினைக்க முடியவில்லை.

வன்னியில் பாலைவனத்துக்கு எங்கே போவது என்று சிரிப்பீர். கண்டுபிடித்துவிட்டேன். உடையார்கட்டிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போனால், பனங்கூடலுக்குப் பின்னால் ஒரு வெள்ளை மணல்வெளி. ஒரு மின்கம்பம் இல்லை, ஒரு காலடி இல்லை. புகைப்படம் உள்ளே வைத்திருக்கிறேன், பாரும். ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளையை அனுப்பிவையும்.

அன்புடன்,
கிருசாந்தன்

*

தர்மபுரம்
09.07.2024

சாரங்காவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அலுமினியக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடக்கிறாள். நடிக்கட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆனால் அந்தப் புகைப்படத்தை நாலைந்து தரம் பார்த்தேன். காலடி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டின் காலடிகூட இல்லை. பக்கத்தில் ஊர் இருக்கிறது, மாடு இருக்கிறது, ஓலை பொறுக்குகிற சனம் இருக்கிறது. ஏன் ஒருவரும் அங்கே போவதில்லை? எட்டு வருடமாக மிதிவெடி அகற்றுகிறேன். ஒரு இடத்தைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எச்சரிக்கைப் பலகை ஒன்றையும் காணவில்லை என்பீர்கள். நட்ட பலகையையும் கட்டையையும் சனம் வேலி அடைக்கப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அலுவலக வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அங்கே கால் வைக்காதீர்கள்.

நான் வேலைக்குப் போகிற நாளெல்லாம் பயத்தில் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லி, வேலையா வீடா என்று கேட்டுவிட்டு வெளிக்கிட்டுப் போனவர் நீங்கள். இப்போது பிள்ளையை அங்கே நடக்கச் சொல்கிறீர்கள். எனக்கு விளங்கவில்லை.

சுகந்தினி

*

கிளிநொச்சி
24.07.2024

அன்புள்ள சுகந்தினிக்கு,

அந்தக் காணிக்குப் பக்கத்தில் இருக்கிற ஐயாத்துரை அண்ணையிடம் கேட்டுவிட்டேன். “தம்பி, நான் போன வருசமும் உதுக்குள்ள பனம்பழம் பொறுக்கினனான். ஒண்டும் இல்லை” என்றார். சண்டை முடிந்து பதினைந்து வருடமாகிறது. உமக்கு எந்த மண்ணைப் பார்த்தாலும் வேலைத்தளமாகத்தான் தெரிகிறது.

நகரத்து வாசலை ரெஜிபோம் என்கிற பாரமில்லாத நுரை அட்டையில் பன்னிரண்டு அடி உயரத்துக்குக் கட்டி, உப்பு மாதிரி வெள்ளை பூசி முடித்துவிட்டோம். யாழ்ப்பாணத்து நண்பர் தந்த பெரிய கமரா ஓகஸ்ட் பதினைந்தில் திரும்பிப் போகவேண்டும். பதினான்காம் திகதி ஒரே நாள். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடுவோம். நான் பத்து வருடமாக நினைத்திருந்த காட்சி அது. பிள்ளையின் ஆசையைக் கெடுக்காதேயும்.

கிருசாந்தன்

*

தர்மபுரம்
12.08.2024

சாரங்காவின் அப்பாவுக்கு,

இதை எங்கள் வாகனம் ஓட்டுகிற தர்ஷனிடம் கொடுத்துவிடுகிறேன். தபாலை நம்ப நேரமில்லை.

வரைபடத்தைப் பார்த்தேன். பனங்கூடலின் பின்விளிம்பு வரைதான் வெடி அகற்றித் துப்புரவாக்கியிருக்கிறார்கள். ஐயாத்துரை அண்ணை பழம் பொறுக்கியது அதற்குள்ளேயாக இருக்கும். மணல்வெளியில் ஒருவரும் இன்னும் வேலை தொடங்கவில்லை. அடுத்த தை மாதம்தான் தொடங்குவார்கள்.

சாரங்கா வரமாட்டாள். அழுகிறாள், அழட்டும். நீங்களும் போகவேண்டாம். உங்களோடு வருகிற பெடியளுக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள். இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சுகந்தினி

*

கிளிநொச்சி
18.08.2024

அன்புள்ள சுகந்தினிக்கு,

உமது கடிதம் அன்றைக்கு எனது சட்டைப் பையில் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசித்தேன், மடித்து வைத்தேன், போனேன்.

பிள்ளை இல்லாததால் ஜின் தனியே வருகிற காட்சியை எடுக்கலாம் என்று நினைத்தேன். அஜந்தன் உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு, குடத்தைத் தோளில் வைத்து மணலுக்குள் இறங்கினான். இருபது காலடி போயிருப்பான். கமராவில் அவனுடைய காலைக் கிட்டக் கொண்டுவந்தேன். அவன் அடுத்து மிதிக்க இருந்த இடத்தில், மணலுக்கு வெளியே பச்சையாக ஒரு வட்ட விளிம்பு தெரிந்தது.

“அஜந்தன், நில்லடா. காலை எடுக்காத.”

அவன் நின்றுவிட்டான். “என்னண்ணை?” என்று கேட்டான். சொன்னேன். திரும்பிப் பார்த்தால், அவன் வந்த தடத்தைக் காற்று மூடிக்கொண்டிருந்தது. உமது இலக்கம் எனக்கு வேலை செய்யாது. ஐயாத்துரை அண்ணை தன் தொலைபேசியில் உங்கள் அலுவலகத்துக்கு எடுத்தார்.

நீர் வந்து இறங்கியபோது என்னைப் பார்க்கவில்லை. “எல்லாரும் பின்னால போங்கோ” என்று மட்டும் சொன்னீர். முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தீர். மூன்று மணித்தியாலம். ஒரு முழம் மண்ணுக்கு நீர் எடுத்த நேரத்தில் நான் எத்தனை தரம் செத்தேன் என்று எண்ணவில்லை. அவனுடைய உடம்பில் சாம்பல் வேர்வையோடு கோடு கோடாக இறங்கியது. எட்டு வருடத்தில் உமது வேலையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்க வாயில்லை. ஆனால் இதைப் பார்த்த பிறகு கேட்கிறேன். அந்த வேலையை விட்டுவிடும். நான் திரும்பி வந்துவிடுகிறேன். மூன்று பேரும் பழையபடி இருப்போம்.

உமது
கிருசாந்தன்

*

தர்மபுரம்
23.08.2024

அன்புள்ள கிருசாந்தனுக்கு,

உங்கள் கண்ணில் பட்டது ஒன்று. அவனுடைய இடது குதிக்காலுக்கு ஒரு சாண் பின்னால் இன்னொன்று இருந்தது. அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கால் மாறி நிற்க நினைத்திருந்தால் நானும் அங்கேயே முடிந்திருப்பேன். அதனால் கதை கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

“தம்பி, உங்கட படத்தின்ர முடிவு என்ன? சாரங்கா சொல்லுறாளில்லை.”

“ஜின் நகரத்து வாசல் மட்டும்தான் போகும், அக்கா. பிறகு சபியா தனியத்தான் உள்ளுக்குப் போகோணும்.”

“தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திடுவாளோ?”

“ஓம் அக்கா. ஆனா கனநேரம் எடுக்கும்.”

“எடுக்கட்டும். ஒண்டும் விடாமல் ஆறுதலாச் சொல்லு.”

சொன்னான். ஒரு தரம் மட்டும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பத் தொடங்கினேன்.

உங்கள் மேல் எனக்கிருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்த அஜந்தனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

வேலையை நான் விடமாட்டேன். அந்த மணல்வெளிக்குத் தை மாதம் போகிற குழுவில் என்னைப் போடச் சொல்லிப் பெயர் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கட்டிய வாசல் இன்னும் அங்கே பனங்கூடல் விளிம்பில்தான் நிற்கிறது. நான் விடியப்புறம் ஐந்து மணிக்கு வெளிக்கிட்டுப் போகிற வீட்டில் உங்களால் இருக்க முடியும் என்றால் வாருங்கள். முடியாவிட்டால் இதோடு எழுதுவதை நிறுத்திக்கொள்வோம். இரண்டில் எதுவானாலும் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொள்வேன்.

சுகந்தினி

*

தர்மபுரம்
05.09.2024

அன்புள்ள கிருசாந்தனுக்கு,

பதில் வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து, பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுத் தர்ஷன் சொன்னான். “அக்கா, நாலு நாளா விடியப்புறம் எங்கட சந்தியில ஒரு ஆள் மோட்டார்சைக்கிளோட நிக்குது. நீங்கள் வாகனத்தில ஏறினாப் பிறகுதான் திரும்பிப் போகுது.”

இன்று நானும் கண்டேன். வாகனம் திரும்பும்போது வெளிச்சம் உங்கள் மேல் பட்டது. நன்றாக மெலிந்துவிட்டீர்கள். அவ்வளவு தூரம் ஓடி வந்தும் ஒரு நாளும் கை காட்டி என்னை மறிக்கவில்லை.

நாலரைக்கு நான் தேத்தண்ணி ஊற்றுவேன். சந்தியில் இருட்டில் நிற்காமல் வீட்டுக்கு வாருங்கள். படலையைத் தூக்கித் திறக்கவேண்டும், கொஞ்சம் இறுக்கம். நான் வெளிக்கிட்ட பிறகு ஆறு மணிக்குச் சாரங்காவை எழுப்புங்கள். இடியப்பமும் சம்பலும் குசினியில் மூடி வைத்திருப்பேன். ஏழு மணிக்கு முன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போங்கள். பிந்தினால் அவளுக்குப் பிடிக்காது.

சுகந்தினி