எலுமிச்சைத் தோல் ஊறல்

இன்று காலை நீல டிரம்மின் மூடியைத் திறந்ததும் குப்பென்று வாடை அடித்தது. எலுமிச்சைத் தோலும் வெல்லமும் மூன்று மாதம் ஊறிப் புளித்த வாடை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இது நீ கடைசியாகப் போட்டுவிட்டுப் போனது. நீ போன நாளிலிருந்து தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டவள் நான்தான்.

பாத்ரூம் தரையில் படிகிற போர்வெல் தண்ணீரின் உப்புக் கறையை ஆசிட் ஊற்றி, இருமி இருமித் தேய்க்கிற தெரு நம்முடையது. கறை போக்கும் ஊறல் என்று நீ ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஓடி வந்தாய். "ஆசிட்ட வுடுடி. தோலு கீது, வெல்லம் கீது, தண்ணி கீது. வேற இன்னா வோணும்?" அந்த முதல் ஊறலுக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் தோல் கேட்டு வாங்கியது நீ. வெல்லம் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய என் வெல்லம். டிரம் என்னுடையது, அது இருந்ததும் என் கொல்லை முருங்கை மரத்தடியில். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

உனக்குப் போனில் மெதுவாகப் பேச வராது. வாலாஜாபாத் பஸ்ஸில் நின்றுகொண்டு உன் தங்கையிடம் கத்தினாய்: "ஊறல் போட்டுக்கீறம்டி! நல்லா பொங்கிக்கினு வருது. உனக்கு ரெண்டு பாட்டில் எடுத்து வெக்கிறேன்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கள்ளச்சாராயத்துக்கும் அதே வெல்லம், அதே டிரம், அதே 'ஊறல்' என்ற சொல் என்பது உனக்கு உறைக்கவேயில்லை. நடுவில் 'தோல்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா?

யார் போய்ச் சொன்னார்களோ, மறுநாளே போலீஸ்காரர் ஒருவர் என் கொல்லைக்கு வந்துவிட்டார். டிரம்மை முகர்ந்து முகம் சுளித்தார். "யாருதும்மா இது?"

"அவளுது சார்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற உன்னை விரல் நீட்டிக் காட்டினேன். தெரு கூடிவிட்டது, மானம் போய்விடுமே என்று பயம். கூசாமல் சொல்லிவிட்டேன்.

அவர் டிரம்மைக் கவிழ்க்கக் கை வைத்தார். நீ அசரவில்லை. சொம்பில் மொண்டுகொண்டு, "கவுக்கறது அப்பறம் சார். மொதல்ல உங்க ஸ்டேஷன் கக்கூஸைக் காட்டுங்க" என்றாய். கூட்டம் சிரித்த சிரிப்பில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் என் வீட்டு பாத்ரூமில் ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தாய். அதுவரை அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வெளுத்த தரையைப் பார்த்துவிட்டு அவரே ஒரு பாட்டில் கேட்டு வாங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினாய்.

"நல்லா மாட்டிவுட்ட. நான் உள்ள கம்பி எண்ணிக்கினு இருந்தா பாக்கவாவது வருவியாடி?"

"வருவேன்."

"இன்னா எடுத்துக்கினு?"

"எலுமிச்சம்பழம்."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைச் சாக்காக வைத்து மன்னிப்புக் கேட்காமலே இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டுவிட வேண்டும் என்று வந்தேன். நீயோ, "மூடியத் தொறந்து வுடுடி, இல்லன்னா வெடிச்சிடும்" என்று டிரம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய். நான் கேட்பதற்குள் போய்விட்டாய்.

இன்று வடிகட்டினேன். ஒரு சொம்பு ஊறலை மட்டும் நிறுத்தி, டிரம்மில் புதுத் தோலும் வெல்லமும் தண்ணீரும் போட்டு, அதை உறைமோர் போல ஊற்றி மூடினேன். மதியம் வாலாஜாபாத் பஸ்ஸில் போகும்போது உன் தங்கை போனில் கூப்பிட்டாள். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று கத்தினேன்: "ஊறல் எடுத்துட்டேன்டி! உனக்கு ரெண்டு பாட்டில் கீது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டுப் பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "யாரும்மா போட்டது?"

"நாங்க ரெண்டு பேரும்" என்றேன்.